நைட் ஷிப்ட் வாரம்

சந்திரகலா கொடுத்த அறிக்கையில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வினையே அதில்தான் இருந்தது.

"பகலில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி வீட்டை இருட்டாக வைத்திருக்கிறார்கள். குழந்தை வாய்விட்டுப் பேசுவதில்லை. கிசுகிசுக்கிறாள், இல்லையென்றால் சைகை காட்டுகிறாள். பாத்திரங்களைத் துணி விரித்துச் சத்தமில்லாமல் அடுக்குகிறாள். மதியம் பின்கதவைச் சாத்திவிட்டுத் தோட்டத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் குறைவில்லை. மகிழ்ச்சியாக இருக்கிறாள்."

இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டு, மே மாதக் கடைசியில் தபாலில் சேர்த்துவிட்டு, அவள் மொட்டை மாடியில் வடகம் பிழியப் போய்விட்டாள்.

நெய்வேலி டவுன்ஷிப் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள் சந்திரகலா. பாதி ஆயுள் மற்றவர்களின் பேச்சை இணைத்துக் கொடுத்தே கழிந்தது. மீதியையும் அதே மாதிரி கழிக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ, குழந்தைகள் நலக் குழுவில் துணைநபராகப் பெயர் கொடுத்தாள். பெற்றோர் இல்லாமல் அரசின் பொறுப்பில் வளரும் பிள்ளைகளுக்காக அந்தக் குழுவின் முன் பேசுகிற வேலை. சம்பளம் கிடையாது. மாதம் ஒருமுறை பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும், பிள்ளையோடு பேச வேண்டும், பார்த்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். விசாரணை நாளில் பிள்ளையின் பக்கம் நிற்க வேண்டும். குழுவில் யாரும் கறுப்புக் கோட்டு போட்டுக்கொள்வதில்லையே தவிர, அதுவும் ஒரு நீதிமன்றம்தான். அவர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் ஒரு குழந்தை வீடு மாறும்.

அவள் பொறுப்பில் இருந்தது கொளஞ்சி. ஐந்தாம் வகுப்பு முடித்தவள். காடாம்புலியூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, தாயையும் தகப்பனையும் ஒரே வருஷத்தில் பறிகொடுத்து, மாவட்டத் தலைநகரில் இருந்த இல்லம் ஒன்றில் இரண்டு வருஷம் கிடந்தவள். சொந்தக்காரர் யாரும் கேட்டு வரவில்லை. போன தை மாதம்தான் குழு அவளை வளர்ப்புப் பராமரிப்பில் நெய்வேலிக்கு அனுப்பியது, அய்யனார், மணிமொழி தம்பதியிடம். அய்யனார் இரண்டாம் சுரங்கத்தில் நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்கிறவர். பல வருஷம் கான்ட்ராக்டில் உழன்று பர்மனென்ட் ஆனவர். மணிமொழி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷமாகியும் பிள்ளை இல்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஒருநாள் மணிமொழி சந்திரகலாவின் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். கையில் ஒரு நோட்டீஸ். செருப்பைக் கழற்றாமல் வாசல்படியிலேயே நின்றாள்.

"உள்ள வா மணிமொழி, உக்காரு."

"உக்கார வரலீங்க. இத படிச்சுக் காட்டுங்க. நான் படிச்சா எம் புத்திக்கு வேற மாதிரி படுது."

சந்திரகலா வாங்கிப் படித்தாள். குழந்தை அச்சத்தில் வாழ்வதாகத் தெரிகிறது, வளர்ப்புப் பராமரிப்பை ரத்து செய்து குழந்தையை இல்லத்துக்கே ஏன் அனுப்பக்கூடாது என்பதற்குக் காரணம் காட்டவும், விசாரணைக்கு வரவும். இணைப்பு: துணைநபரின் அறிக்கை. அவளுடைய கையெழுத்தேதான். 'கிசுகிசுக்கிறாள்' என்ற சொல்லுக்குக் கீழே யாரோ சிவப்பு மையில் இரண்டு கோடு இழுத்திருந்தார்கள்.

"நான் தப்பா ஒண்ணும் எழுதலையே மணி. வீட்ல நடக்கறதைத்தானே..."

"நடக்கறதத்தான் எழுதியிருக்கீங்க. ஏன் நடக்குதுன்னு எழுதினீங்களா? ஆம்பள ராத்திரி பூரா பெல்ட்டு பக்கத்துல நின்னுட்டு வந்து காலையில படுத்துகினு கெடக்குதுன்னு ஒரு வரி. ஒரே ஒரு வரி. எழுதினா உங்க பேனா தேஞ்சு போயிடுமா?"

சந்திரகலா அறிக்கையை மறுபடி பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். நைட் ஷிப்ட் என்ற சொல் எங்குமே இல்லை.

அவள் போனது நைட் ஷிப்ட் வாரம். டவுன்ஷிப்பில் எந்தத் தெருவிலும், எந்த வாரத்திலும், நாலு வீடு அப்படித்தான் இருக்கும். காலிங் பெல்லின் ஒயரைக் கழற்றிவிடுவார்கள். குக்கர் விசில் எல்லாம் ஆள் வந்து படுப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். தையல் மெஷின் பக்கத்து வீட்டு வராந்தாவுக்குப் போய்விடும். பந்து விளையாடுகிற பிள்ளைகள் "உங்கப்பா நைட்டா?" என்று கேட்டுக்கொண்டு தெருவின் அடுத்த முனைக்குப் போவார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் பேசக் கற்கிற வயதிலேயே பேசாமலிருக்கவும் கற்றுக்கொள்கிறார்கள். அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் சந்திரகலாவே தன்னையறியாமல் குரலைத் தாழ்த்தி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்தாள். பந்தலில் வாழைமரம் கட்டியிருந்தால் அது கல்யாண வீடு என்று யாராவது எழுதிவைப்பார்களா? அவளுக்கும் எழுதத் தோன்றவில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து அந்தத் தாளைப் படிக்கிறவருக்கு அது இருட்டறை, வாயடைத்த குழந்தை, சாத்திய கதவு.

"இன்னொண்ணும் இருக்குது, அடியில பாருங்க," என்றாள் மணிமொழி.

அடியில் ஒரு மனு. நல்லசாமி, குழந்தையின் தகப்பனுக்கு அண்ணன். என் தம்பி மகளுக்கு அந்த வீட்டுச் சூழ்நிலை ஒத்துவராது, ஆகவே ஐயா அவர்கள் பெரிய மனது வைத்து, என்று போயிற்று.

"ரெண்டு வருசம் இல்லத்துல கெடந்துச்சே, ஒரு பிஸ்கட் பாக்கெட்டோட எட்டிப் பாத்தாரா இந்தப் பெரியப்பா? எங்க வூட்டுக்கு வந்தப்புறம் பாசம் பொத்துகினு ஊத்துது. நாங்க முத்தாண்டிக்குப்பம் காலனி. அவங்க ஊருத்தெரு. சங்கதி அவ்ளோதாங்க. அடிக்கறதுக்குக் கை ஓங்கிகினு இருந்தாங்க, கம்பு இல்லாம. நீங்க சீவிக் குடுத்துட்டீங்க."

சொல்லிவிட்டு நோட்டீஸைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள். கேட்டைச் சாத்தும்போது மட்டும் பழக்கதோஷத்தில் சத்தம் வராமல் சாத்தினாள்.

அன்றைக்கே சந்திரகலா விளக்கக் கடிதம் எழுதி அனுப்பினாள். பிற்பாடு யோசித்துச் சொல்லும் விளக்கத்தை விசாரணையில்தான் பரிசீலிக்க முடியும் என்று பதில் வந்தது. ஸ்டோர்ஸில் பகல்நேர ஜெனரல் ஷிப்டிலேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆன அவள் கணவர் பரமசிவம் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அத்தனை வருஷம் எக்ஸ்சேஞ்சுல ஒரு ராங் நம்பர் போட்டதில்லைன்னு பீத்திக்குவே. போட்டே பாரு ஒண்ணு, ஆயுசுக்கும் சேத்து."

"போதும்."

"இதுல நீ மேல மேல போனா உன்னைத்தான் தூக்குவாங்க. பேசாம ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு ஒதுங்கு. ஊர்க்காரன் சண்டை. நமக்குத் தென்காசி, இது நம்ம ஊரா?"

"முப்பது வருஷமா இங்க தண்ணி குடிக்கிறோம். இன்னும் எத்தனை வருஷம் குடிச்சா நம்ம ஊரு?" என்றாள் சந்திரகலா. "அந்தப் பொண்ணு போயிட்டா நான் எழுதின தாளாலதான் போகும். ஒதுங்கறதாம்."

பரமசிவம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பருக்குள் போனார். சிறிது நேரம் கழித்து பேப்பருக்குள்ளிருந்தே, "காலை பஸ் கூட்டமா இருக்கும், முன்னாடியே போய் நில்லு," என்று குரல் வந்தது.

விசாரணை மாவட்டத் தலைநகரில் ஒரு பழைய அரசுக் கட்டடத்தில். சாதி சொல்லி வாய்விட்டுப் பேசக் கூடாத இடங்களில் இப்போதெல்லாம் வேறு சொற்கள் புழங்குகின்றன என்பது சந்திரகலாவுக்குத் தெரியும். அதில் எந்தச் சொல் இன்று வரப்போகிறது என்றுதான் யோசித்துக்கொண்டு போனாள்.

மணிமொழி கொளஞ்சிக்குப் பச்சைச் சட்டை தைத்துப் போட்டு அழைத்து வந்திருந்தாள். சந்திரகலாவைப் பார்த்து முகம் கொடுக்கவில்லை. கொளஞ்சிதான் கையைத் தூக்கி மூன்று விரலை மடக்கிக் காட்டினாள். அந்த வீட்டுச் சைகையில் அதற்குச் 'சாப்பிட்டாச்சா' என்று அர்த்தம். சந்திரகலா தலையாட்டினாள். அய்யனாருக்கு அந்த வாரம் மறுபடி நைட். ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. வேலையை முடித்துவிட்டு, குளித்துச் சட்டை மாற்றி, நேரே பஸ் ஏறி வந்திருந்தார். கண்ணோரத்தில் கரித்தூள் மை தீட்டியது போல் நின்றது.

எதிர்ப்பக்கம் தூணருகே நல்லசாமி. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, காலடியில் சாக்குப்பையில் ஒரு பலாப்பழம். அவரோடு ஊர்க்காரர் ஒருவர். அய்யனாரைப் பார்த்ததும் நல்லசாமி ஊர்க்காரரிடம், ஆனால் அய்யனாருக்குக் கேட்கும்படி, "பர்மனென்ட் ஆயிட்டா பொறப்பும் பர்மனென்ட்டா மாறிடும்னு நெனப்பு," என்றார்.

அய்யனார் காதில் வாங்கிய மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. மணிமொழி காட்டிக்கொண்டாள். "பழம் யாருக்குங்க? ஆபீசருக்கா?" என்று கேட்டாள். ஊர்க்காரர் இருமினார்.

உள்ளே கூப்பிட்டார்கள். முதலில் குழந்தையும் துணைநபரும் மனுதாரரும் வரட்டும், வளர்ப்புப் பெற்றோர் வெளியே இருக்கட்டும் என்றார்கள். கரண்ட் போயிருந்தது. காற்றுக்காகக் கதவைத் திறந்து, மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கதவுக்கு நேர் எதிரே தாழ்வாரத்து பெஞ்சு. அய்யனார் அதில் உட்கார்ந்தார். சுவரில் தலையைச் சாய்த்தார். அவ்வளவுதான், வாய் திறந்தபடி தூங்கிப் போனார்.

குழுவில் மூன்று பேர் வந்திருந்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். நல்ல மனிதர்தான், ஆனால் மைதானத்து மூலையில் நிற்கிற பையனைக் கூப்பிட்டுப் பழகிய குரல். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் உறுப்பினர். இன்னொருவர் விசிறிக்கொண்டிருந்தார். ஓரத்தில் உத்தரவை எழுதிக்கொள்ள ஓர் எழுத்தர்.

"பேரென்னம்மா?" என்றார் தலைவர்.

உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லு. பயப்படாதே."

"கொளஞ்சி." காற்று மாதிரி வந்தது.

"பாத்துக்குங்க ஐயா," என்று நல்லசாமி எழுந்தார். "எந்தம்பி மவ கோயில் திருவிழாவுல மைக்குல பாடின புள்ள. இப்ப பாருங்க, தொண்டையில ஈரமில்ல. அந்த அம்மா எழுதினது அத்தினியும் மெய்."

அந்த அம்மா என்றது தன்னைத்தான் என்று சந்திரகலாவுக்கு உறைக்க ஒரு கணம் பிடித்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் தலைவர் கையமர்த்தினார். மேசைமீது முன்னால் சாய்ந்து, பள்ளிக்கூடமே கேட்கிற குரலில், "யாரும்மா உன்னைப் பயமுறுத்தறது? சத்தம் போட்டா அடிப்பாங்களா? தைரியமா சொல்லு, நாங்க இருக்கோம்!" என்றார்.

கொளஞ்சி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் அய்யனார் ஒருமுறை அசைந்து, சப்புக்கொட்டி, மறுபடி அடங்கினார். அவள் முகம் சுருங்கியது. விறுவிறுவென்று மேசையைச் சுற்றிக்கொண்டு தலைவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

"ஷ்ஷ். மெதுவா பேசுங்க சார். மாமா நைட்டு முடிச்சுட்டு வந்து இப்பத்தான் தூங்குது."

அறையில் விசிறி நின்றது.

தலைவர் முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளை வாயில் விரல் வைக்கச் சொன்னவர். அவருக்கு எந்தப் பிள்ளையும் விரல் காட்டியதில்லை. அவர் வாசலைப் பார்த்தார். பெஞ்சில் தூங்குகிறவரின் செருப்பு ஒன்று காலிலிருந்து நழுவி விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. குறட்டை ஒன்று எழும்பி, வழி தெரியாமல் நின்று, மறுபடி கிளம்பியது.

"எத்தனை மணிக்கு வேலை முடியும் அவருக்கு?" என்று கேட்டார் தலைவர். கிசுகிசுப்பாகக் கேட்டார்.

"காலையில ஆறு. ராத்திரி பத்துக்குப் போவணும்."

"வீட்ல எப்பவும் இப்படித்தான் மெதுவா பேசுவியா?" பெண் உறுப்பினரும் குரலை இறக்கிவிட்டார்.

"நைட்டு வாரம் மட்டும். பர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்டுன்னா கத்துவேன். அத்த வையும்."

"ஜன்னல்ல கறுப்புத் தாள் யாரு ஒட்டினது?"

"நாந்தான். அத்த ஸ்டூலப் புடிச்சுகினாங்க. ஒரு மூலையில வெளிச்சம் வந்துகினு இருந்துச்சு, அதுக்கு என் பழைய நோட்டு அட்டைய ஒட்டினேன்."

"தோட்டத்துல தனியா என்ன பண்ணுவே?"

"காவலு," என்றாள் கொளஞ்சி, இதுகூடத் தெரியாதா என்பது போல. "அணில் கத்தினா ஓட்டுவேன். ஐஸ்காரரு மணி அடிச்சுகினு வருவாரு. நான் ஓடிப்போயி நைட்டுன்னு சொல்லிடுவேன். அவரு மணி நாக்கக் கையில புடிச்சுகினு எங்க தெருவத் தாண்டுவாரு. இல்லத்துல எல்லாத்துக்கும் மணி சார். எந்திரிக்க மணி, குளிக்க மணி, சோத்துக்கு மணி. இங்க மணியே கெடையாது. அடிக்க வுடாம பாத்துக்கறது நானு."

தலைவர் பென்சிலை மேசையில் வைத்தார், ஓசைப்படாமல்.

நல்லசாமிக்கு அந்த அறையில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பிடிபட்டுவிட்டது. அவர் ஒருவர் மட்டும்தான் இன்னும் தன் சொந்தக் குரலில் இருந்தார். "மாமாவா?" என்று வெடித்தார். "யாருக்கு யாருடி மாமா? அத்தையாம், மாமாவாம்! அந்த மொறய வச்சு நாளைக்கு என்னென்ன வரும்னு தெரியுமாடி உனக்கு? எங்க தெருவுல தலை காட்ட முடியல. டீக்கடையில கேக்கறானுவ, உந்தம்பி மவ எந்த வூட்டுல சோறு திங்குதுன்னு!"

"கத்தாதீங்க பெரிப்பா," என்றாள் கொளஞ்சி, குரலை உயர்த்தாமலே. "எழுந்துடும்."

சந்திரகலா எழுந்து நின்றாள். எக்ஸ்சேஞ்சில் எத்தனையோ அதிகாரிகள் அவளிடம் கத்தியிருக்கிறார்கள். அவள் ஒருவரிடமும் கத்தியதில்லை. கத்துகிறவன் காதில் விழுவது தாழ்ந்த குரல்தான் என்பது அவள் அனுபவம். அந்தக் குரலில் கேட்டாள்.

"சார், ஒரு சின்னக் கேள்வி. கொஞ்ச நேரமா நீங்க கிசுகிசுன்னுதான் பேசுறீங்க. மேடமும் அப்படித்தான். உங்களை யாராவது பயமுறுத்தினாங்களா?"

விசிறிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டு, சிரிப்பை இருமலாக்கினார். தலைவருக்கு முகம் சிவந்தது. தொண்டையைச் செருமப் போய், வாசலைப் பார்த்து, செருமாமல் விட்டார்.

"சரி. அறிக்கை விஷயம் தெளிவாயிடுச்சு," என்றார். "இருந்தாலும் மனுதாரர் சொல்றதையும் தள்ள முடியாது. குழந்தையைக் கூடுமானவரை அதே சமூகப் பண்பாட்டுச் சூழல்ல வைக்கணும்னு விதி சொல்லுது."

வந்துவிட்டது. பண்பாட்டுச் சூழல். இவ்வளவு நேரம் இதற்காகத்தான் காத்திருந்தது போல இருந்தது சந்திரகலாவுக்கு.

அவள் நல்லசாமியின் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, கொளஞ்சியை இன்னைக்கே உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? சொல்லுங்க. போறீங்கன்னா நான் ஒரு வார்த்தை பேசலை."

நல்லசாமி துண்டைத் தோள் மாற்றினார். "எனக்கே நாலு பொட்டப் புள்ளைங்க. முந்திரி மூணு வருசமா காய்க்கல."

"அப்ப?"

"இல்லத்துலயே வுட்டுடுங்கன்னுதான் மனு."

"உங்க வீட்லயும் வேண்டாம். அவங்க வீட்லயும் வேண்டாம். யாருமில்லாத எடத்துல இருந்தா தெருவுல தலை காட்டலாம். அப்படித்தானே?"

நல்லசாமி குழந்தையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் வெட்கம் இருந்ததை சந்திரகலா கவனிக்கத்தான் செய்தாள். வெட்கம் வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. டீக்கடைக்கு அவர் திரும்பிப் போக வேண்டும்.

"அம்மா, நீங்க துணைநபர். வக்கீல் இல்லை," என்றார் தலைவர்.

"தெரியும் சார். உத்தரவு உங்க கையில. அனுப்பறதுன்னா அனுப்புங்க. ஆனா காரணத்தை எழுதி அனுப்புங்க. 'காலனிக்காரர் வீட்டில் சாப்பிடுவதால் குழந்தையை இல்லத்துக்கு அனுப்புகிறோம்'னு எழுதுங்க. பண்பாட்டுச் சூழல்னு எழுதாதீங்க. பாத்ததை எழுதிட்டு காரணத்தை எழுதாம விட்டவ நானு. அது என்ன பண்ணுச்சுன்னு இப்பப் பாத்தீங்க. அதே தப்பை நீங்களும் பண்ணாதீங்க சார். காரணத்தை எழுதினா, கீழ சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்."

எழுத்தர் பேனாவைத் தாளில் ஊன்றியபடி நிமிர்ந்து பார்த்தார். யாராவது வாக்கியத்தைச் சொன்னால்தானே எழுத முடியும். தாழ்வாரத்திலிருந்து குறட்டை வந்தது, போயிற்று.

"அப்படி ஒரு வாக்கியத்துக்கு நான் கையெழுத்துப் போட முடியாது," என்றார் பெண் உறுப்பினர். "வேற வாக்கியத்துல அதையே சொன்னாலும்."

தலைவர் எழுத்தரிடம், ஒவ்வொரு சொல்லாக, தாழ்ந்த குரலில் சொன்னார். வளர்ப்புப் பராமரிப்பு தொடரும். ஆறு மாதம் கழித்து மறு விசாரணை. பெரியப்பா விரும்பினால் மாதம் ஒருமுறை குழந்தையைப் பார்க்கலாம். கடைசியில் இன்னொரு வரியும் சொன்னார்: துணைநபர் திருமதி சந்திரகலா நடுநிலை தவறிப் பேசியதால் அவரை விடுவித்து வேறொருவர் அமர்த்தப்படுவார்.

"கார்டைக் குடுத்துட்டுப் போங்கம்மா," என்றார். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

சந்திரகலா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, நாடாவைச் சுற்றி, மேசைமேல் வைத்தாள். "இதுக்காவது காரணத்தை எழுதினீங்களே சார். அது போதும்."

கையெழுத்துப் போட அய்யனாரை எழுப்ப வேண்டியிருந்தது. எழுத்தர் எழுந்தார், கொளஞ்சி அவரைத் தடுத்துவிட்டு ஓடினாள். பெஞ்சின் முன் நின்று, தொங்கிய செருப்பை முதலில் காலில் சரியாக மாட்டிவிட்டாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"மாமாவ்! எந்திரி! வூட்டுக்குப் போவலாம்!"

காற்றுத்துளையில் ஒண்டியிருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. அய்யனார் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்து எழுந்து நின்று ஹெல்மெட்டைத் தேடினார். உள்ளே பெண் உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மைக்கில் பாடின பிள்ளை என்று நல்லசாமி சொன்னதிலும் பொய்யில்லைதான்.

படியிறங்கும்போது நல்லசாமி சாக்குப்பையை மணிமொழியின் பக்கம் காலால் நகர்த்தினார். "தம்பி வச்ச மரத்துது. புள்ளைக்கு."

"கைய நீட்டிக் குடுத்தா வாங்கிக்கறேன்," என்றாள் மணிமொழி. "காலால தள்றத வாங்க மாட்டோம்."

நல்லசாமி நின்றார். ஊர்க்காரர் வெற்றிலை வாங்கப் போயிருந்ததைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு குனிந்து பழத்தைத் தூக்கி, கொளஞ்சியின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவள் பின்னாலிருந்து, "எங்க வூட்டுக்கு வந்து அறுத்துக் குடுங்க பெரிப்பா! எனக்குப் பிசினு ஒட்டும்!" என்று கத்தினாள். அவர் நடையில் ஒரு தடுமாற்றம் தெரிந்தது. நிற்கவில்லை.

நெய்வேலி பஸ்ஸில் கொளஞ்சி ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். ஒரு வாரத்துப் பேச்சு உள்ளே தங்கியிருந்தது. கண்டக்டர், "யாரும்மா இது, பஞ்சாயத்து லவுட் ஸ்பீக்கரு," என்று கேட்டுவிட்டுப் போனார். அய்யனார் தூங்காமல் உட்கார்ந்து, அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு வந்தார். இரவு மறுபடி வேலைக்குப் போக வேண்டும்.

மணிமொழி சந்திரகலாவுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தாள். வடலூர் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஆறு மாசம் கழிச்சு யாருங்க வருவாங்க இதுக்குப் பேச?"

"புது ஆள் போடுவாங்க."

"அவங்களுக்கு நைட் ஷிப்டுன்னா இன்னான்னு தெரியுமா?"

"தெரியாது. நான் போய்ச் சொல்றேன். கேக்கலைன்னா, அன்னைக்கு நானும் வர்றேன்."

"கார்டக் குடுத்துட்டீங்களே, உள்ள வுடுவாங்களா?"

"கதவு திறந்துதானே கெடக்குது. அதுக்கு நேரா பெஞ்சு இருக்கு. அங்க உக்காந்தா எல்லாம் கேக்கும். பெஞ்சுல உக்கார யாரும் கார்டு கேக்கமாட்டாங்க."

மணிமொழி முதன்முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தாள். முன் இருக்கையிலிருந்து கொளஞ்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அந்த பெஞ்சுல நீங்க தூங்கிடக் கூடாது," என்றாள். "தூங்கினா நான் எப்பிடிச் சத்தமா பேசறது?"